பச்சை மையில் அடித்த வரி

அத்தியாயம் பதினான்கு

"என் முதல் பிரதியைத் திருப்பிக் குடுங்க மேடம்."

கேட்கவே கூடாது என்று முதலாண்டின் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்ட ஒன்றை, காலை ஒன்பதேகால் மணிக்குத் துறை அலுவலகத்தின் நடுவில் நின்று கேட்டேன். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த எழுத்தர் மூடியைத் திறந்தபடியே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பச்சைப்பேனா மட்டும் நிமிரவில்லை.

பச்சைப்பேனா எங்கள் விரிவுரையாளர். சிவப்பு மையில் திருத்தினால் மாணவர்கள் மனம் புண்படுமாம். அதனால் பச்சை. புண் என்னவோ அதே அளவுதான்.

"எந்தப் பிரதி?"

"ஒன்பதாவது வாரம். தூக்க நேரக் குறிப்பு."

"சுத்தப் பிரதி கோப்புல இருக்கே."

"அதுல அந்த வரி இல்ல. நீங்க அடிச்சுட்டீங்க. அடிச்ச தாள் எனக்கு வேணும்."

"திருத்தின தாளெல்லாம் துறையோட சொத்து. கேக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். தெரிஞ்சுதான் கேக்குறேன்."

அப்போதுதான் நிமிர்ந்தார். அவர் கண்ணடியில் இரண்டு நாள் தூக்கமின்மை தெரிந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. என் வீட்டில் ஆறு நாளாக யாரும் தூங்கவில்லை.

நடந்தது இதுதான். நான் படிப்பது இளங்கலை, குழந்தைப் பருவ ஆய்வு. என் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கடைசி வருஷம் ஒரு பகல்நேரக் குழந்தைக் காப்பகத்துக்குப் போய், ஒரே ஒரு குழந்தையைப் பன்னிரண்டு வாரம் கவனித்து எழுத வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வரி. கண்ணில் பட்டது மட்டும். 'பாவம்' என்று எழுதக் கூடாது, 'ஆசையாக' என்று எழுதக் கூடாது. பெயரும் கூடாது. குழந்தைக்கு 'க'. பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கு 'பெரியவர் 1'.

வேறெங்கும் இடமில்லை என்று துறை என்னை அனுப்பிய காப்பகத்தில் பெரியவர் 1 என் அம்மா.

ஒன்பதாவது வாரம் நான் எழுதியது இவ்வளவுதான்:

12.35. க கட்டிலை விட்டு இறங்குகிறது.

12.40. க அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து மஞ்சள் துணியை எடுத்துப் பெரியவர் 1-இடம் கொண்டுபோகிறது. தானே கட்டிலில் ஏறி உட்கார்ந்து வலது காலை நீட்டுகிறது.

12.45. பெரியவர் 1 அந்தக் காலைக் கட்டில் கம்பியோடு கட்டுகிறார். இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. க படுத்துக்கொள்கிறது.

இதற்கெல்லாம் மேலே இன்னொரு வரி இருந்தது. 'அறையில் இருபத்து நான்கு குழந்தைகள், ஒரே ஒரு பெரியவர்.' அதைத்தான் பச்சைப்பேனா அடித்தார். ஓரத்தில் எழுதினார்: 'தேவையற்றது. பார்வை குழந்தையை விட்டு நகர வேண்டாம்.' நானும் நல்ல பிள்ளையாக அந்த வரியை விட்டுவிட்டுச் சுத்தப் பிரதி எழுதிக் கொடுத்தேன். இருபதுக்குப் பத்தொன்பது வாங்கினேன். வகுப்பிலேயே அதிகம். 'மிக நுட்பமான கவனிப்பு' என்று கீழே ஒரு பாராட்டு வேறு.

அந்த நுட்பம்தான் வினையாக வந்தது. போன வாரம் காப்பக மேலாளர்களைக் கூட்டி வைத்துத் துறை நடத்திய கூட்டத்தில், நல்ல குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட, பச்சைப்பேனா இதை வாசித்தார். பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனால் மஞ்சள் துணி இருந்தது, கம்பிக் கட்டில் இருந்தது. இரண்டாவது வரிசையில் அம்மாவின் மேலாளர் இருந்தார்.

மறுநாளே அம்மாவைக் குழந்தைகள் அறையிலிருந்து எடுத்து, விசாரணை முடியும்வரை துணி துவைக்கும் அறையில் போட்டார்கள். எழுதினது மகள் என்பது அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"தலைவர் உங்களை உள்ள வரச் சொல்றாரு. ரெண்டு பேரையும்" என்றார் எழுத்தர்.

துறைத்தலைவர் நல்ல மனிதர். யார் தலையில் இடி விழ வைப்பதானாலும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார்.

"தண்ணி குடிம்மா."

"வேண்டாம் சார். தாள் குடுங்க."

"எந்த வரியைப் பத்திச் சொல்றா?" என்று அவர் பச்சைப்பேனாவைக் கேட்டார்.

"எனக்கு ஞாபகம் இல்ல சார். அறுபது பேரோட குறிப்பு. வாரத்துக்கு அறுபது. எதை அடிச்சேன், எதை விட்டேன்னு..."

"இருபத்து நாலு குழந்தை மேடம். ஒரு பெரியவர். நீங்க குறுக்க ரெண்டு கோடு போட்டீங்க. ஒரு கோடு பத்தாதுன்னு ரெண்டு."

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார். அவருடைய ஒப்பந்தம் இந்த மாசக் கடைசியோடு முடிகிறது. புதுப்பிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அது எனக்கும் தெரியும். தெரிந்தால் கோபம் குறையும் என்று யார் சொன்னது?

"இங்க பாரும்மா" என்றார் தலைவர். "அந்த வரி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? குழந்தையைக் கட்டினது கட்டினதுதானே?"

"ஒரு ஆள் இருபத்து நாலு பிள்ளைய வெச்சுக்கிட்டு, ஒண்ணைக் கழுவி விடப் போனா, இன்னொண்ணு படிக்கட்டுல உருண்டுடும் சார். அதுக்குத்தான் கட்டினாங்க. ஒழுங்கா ரெண்டு பேர் இருக்கணும்னு உங்க பாடத்துலதானே இருக்கு? ரெண்டாம் வருஷம், மூணாவது தாள். நான் அதுலயும் நல்ல மார்க்குதான்."

"பட்டப் பட்டியல் வெள்ளிக்கிழமை போகுது. அதுல உன் பேர் இருக்கு." அவர் குரலை இன்னும் தணித்தார். "அறையில பார்த்ததை வெளியில கொண்டுபோக மாட்டேன்னு முதல் வருஷம் கையெழுத்துப் போட்டிருக்க. மீறினா பேர் போயிடும். மறந்துடாத."

"கூட்டத்துல வாசிச்சது வெளியில கொண்டுபோறது இல்லையா சார்?"

"அது கல்வி நோக்கம்."

எழுத்தர் வாசலில் நின்று இருமினார். சிரிப்பை அடக்கினாரா, நிஜ இருமலா தெரியவில்லை.

"இன்னொரு வழியும் இருக்கு" என்றார் தலைவர். "அந்தக் குறிப்பைக் கற்பனையா எழுதினேன்னு எழுதிக் குடுத்துடு. உங்க அம்மா மேல ஒண்ணும் இருக்காது. ஆனா பொய்க் குறிப்பு எழுதின மாணவிக்கு இந்தத் துறை பட்டம் குடுக்க முடியாது. அது உனக்கே புரியும். சாயந்திரத்துக்குள்ள சொல்லு."

டம்ளர் தண்ணீர் தொடாமல் அப்படியே இருந்தது. வெளியே வந்தபோது பச்சைப்பேனா என் பின்னாலேயே வந்தார். மாடிப்படி திருப்பத்தில், யாரும் இல்லாத இடத்தில் நின்றார்.

"நான் உன்னைத்தான் நல்ல மாணவின்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன்."

"சொல்லாம இருந்திருக்கலாம் மேடம்."

படிகளில் இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். பொய் என்று எழுதிக் கொடுத்துவிடுவது. மூன்று வருஷம் போனால் போகிறது. பட்டம் இல்லாமல்தான் எங்கள் வீட்டில் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். அம்மாவுக்கு அந்த வேலை போனால் வேறு என்ன தெரியும்?

கல்லூரியிலிருந்து காப்பகத்துக்கு இரண்டு பஸ். இறங்கிப் போனபோது மணி பன்னிரண்டரை. தூக்க நேரம்.

காய்ச்சின பாலும் பினாயிலும் கலந்த வாசனை தாழ்வாரத்திலேயே வந்து ஏறியது. குழந்தைகள் அறைக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. பன்னிரண்டு வாரமும் உள்ளே மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நான், இன்று வெளியிலிருந்து பார்த்தேன்.

உள்ளே மூன்று பெரியவர்கள் இருந்தார்கள்.

இரண்டு புது ஆயாக்கள். மூன்றாவது, எப்போதும் வரவேற்பு மேசையில் உட்கார வைக்கப்பட்டிருக்கும் பழைய இரண்டாவது ஆயா. அம்மா தனியாக இருபத்து நான்கையும் மேய்த்தபோது, இவள் வாசலில் ஃபோன் எடுத்துக்கொண்டிருந்தாள். பதிவேட்டில் மட்டும் குழந்தைகள் அறையில் இருந்தாள்.

க-வின் கட்டில் ஜன்னலோரம். படுத்திருந்தது. வலது காலைப் போர்வைக்கு வெளியே, கட்டில் கம்பியின் பக்கமாக நீட்டியிருந்தது. ஒரு புது ஆயா வந்து காலை உள்ளே தள்ளிப் போர்வையைப் போர்த்திவிட்டுப் போனாள். க மறுபடி காலை வெளியே எடுத்தது. காத்திருந்தது. அது தூங்கவே இல்லை.

என் பையில் நோட்டு இருந்தது. எடுக்கவில்லை.

மேலாளரின் அறையில் மின்விசிறி சத்தம் போட்டது. குழந்தைகள் வரைந்த படங்களைச் சுவரெல்லாம் ஒட்டியிருந்தார்.

"நான் எழுதினது பொய் மேடம். கற்பனை. எழுதிக் குடுத்துடுறேன். எங்க அம்மாவ மறுபடி உள்ள விடுங்க" என்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியங்கள். ஒரே மூச்சில் வந்துவிட்டன.

அவர் எதிர் நாற்காலியைக் காட்டினார். "உக்காரும்மா. உனக்குத் தெரியாதா? உங்க அம்மா காலையில எட்டு மணிக்கே எழுதிக் குடுத்துட்டாங்களே."

இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

அம்மாவின் கையெழுத்துதான். கொடியில் காயப்போட்ட துணி மாதிரி ஒவ்வோர் எழுத்தும் கோட்டில் தொங்கும். 'என்னுடைய பொறுமையின்மையின் காரணமாகவும், எனது சொந்த முடிவின்படியும், நிர்வாகத்துக்குத் தெரியாமலும், மேற்படி குழந்தையைக் கட்டி வைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.'

பொறுமையின்மை. அம்மா தன் வாழ்நாளில் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. எரிச்சல் வந்தால் 'எரிச்சலா வருதுடி' என்பாள். 'மேற்படி குழந்தை'யாம். அவள் அந்தக் குழந்தையைத் தும்பி என்று கூப்பிடுவாள்.

"நீங்க சொல்லச் சொல்ல எழுதினாங்களா?"

"எப்படி எழுதறதுன்னு கேட்டாங்க. சொன்னேன்."

"ஏன் எழுதினாங்க?"

"உன் படிப்பு என்ன ஆகும்னு கேட்டாங்க. விசாரணை நடந்தா உன்னையும் கூப்பிடுவாங்க, பட்டம் நிறுத்தி வைப்பாங்கன்னு சொன்னேன். அது உண்மைதானே? உடனே பேனா குடுங்கன்னாங்க."

மின்விசிறி நின்று, ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி சுற்றியது.

"பயப்படாத. உடம்பு முடியல, தானா விலகிட்டாங்கன்னு போட்டுக்கறேன். இந்தத் தாள் இந்த இழுப்பறையை விட்டு வெளிய போகாது. நீ வெளிய பேசாத வரைக்கும். பேசினா எனக்கு வேற வழி இல்ல, இது மேல போகும். அப்புறம் எந்தக் காப்பகமும், எந்த வீடும் அவங்களைக் குழந்தைப் பக்கம் விடாது."

"அன்னைக்கு ரெண்டாவது ஆயா எங்க இருந்தாங்கன்னும் இதுல எழுதச் சொன்னீங்களா?"

"பதிவேட்டுல இருக்கு. ரெண்டு பேர் இருந்தாங்க."

"நான் அந்த மூலையில உக்காந்திருந்தேன். பன்னெண்டு வாரம். ஒரு நாள்கூட ரெண்டு பேரைப் பார்க்கல."

"உன் குறிப்புல அப்படி ஒண்ணும் இல்லையேம்மா" என்றார் மேலாளர். ஏளனமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி ஒன்றும் இல்லை என்று சொன்னார்.

நான் எழுந்துகொண்டேன். "இன்னைக்கு மூணு பேர் இருக்காங்க."

"இன்னைக்கு இருக்காங்க" என்றார்.

நாளைக்கோ, அடுத்த வாரமோ ஒருத்தி மட்டும் இருப்பாள். அவளும் கீழ்த்தட்டிலிருந்து துணியை எடுப்பாள். எடுக்காவிட்டால் தும்பியே கொண்டுபோய்க் கொடுக்கும். அந்த நிமிஷம்தான் காலையில் எடுத்த முடிவு செத்துப்போய் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் பழுதுபார்க்கும் என் அண்ணனும் நாங்களும் குடியிருக்கும் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. நான்கு மாடி ஏறி வீட்டுக்குள் நுழைந்தபோது அவன் கிரீஸ் கையோடு சாப்பிட உட்கார்ந்திருந்தான். அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காப்பகத்தின் நீல மேலங்கி. திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். கசங்கலாகக் கொடுக்கக் கூடாதாம்.

"யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்ட?"

"என்னைப் பத்தி எழுதும்போது நீ யாரைக் கேட்ட?"

ஆறு நாள் கழித்து வந்த முதல் வார்த்தை. நியாயமான வார்த்தை. நான் கத்தினேன்.

"நான் பட்டமே வேண்டாம்னு சொல்லிட்டு வரலாம்னு போனேன்! பொய்னு எழுதிக் குடுத்து உன் வேலையைக் காப்பாத்தலாம்னு போனேன்! அதுக்குள்ள உனக்கென்ன அவசரம்?"

"அதான். நீ இப்படி எதாவது கிறுக்குத்தனம் பண்ணுவன்னு தெரிஞ்சுதான் எட்டு மணிக்கே போனேன்."

அண்ணன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: "ரெண்டு பேரும் எதிரெதிர் பஸ்ஸுல ஏறியிருக்கீங்க."

"நீ சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். இந்த வீட்டுல எப்பவும் அதான் என் வேலை."

அம்மா காலரைத் திருப்பிப்போட்டு அழுத்தினாள். "பேரு போடல, பெரியவர் ஒண்ணுன்னுதான் போட்டிருக்கேன்னு சொன்ன. ஒண்ணாம் நம்பர்னு நானும் பெருமைப்பட்டுக்கிட்டேன்."

"அம்மா, மேல ஒரு வரி எழுதியிருந்தேன். இருபத்து நாலு பிள்ளைக்கு நீ ஒருத்தின்னு. அதை அடிச்சுட்டாங்க. நான் மறுபடி எழுதியிருக்கணும். மார்க்குக்குப் பயந்து விட்டுட்டேன்."

"அதனால என்ன? கட்டினது நான்தானே? அது பொய்யா?"

"நீயா கட்டல. அவங்க கட்ட வெச்சாங்க."

"அட, சும்மா இருடி. உன்னையும்தான் கட்டிப் போட்டேன்." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "உங்கப்பா போனதுக்கப்புறம் ரெண்டு வீட்டுல வேலை. யார்கிட்ட விடறது உன்னை? மேசைக் காலோட கட்டிட்டுப் போவேன். நீ செத்தா போயிட்ட? பட்டம்தான் வாங்கப் போற."

எனக்கு அது தெரியாது. இருபத்திரண்டு வயசு வரை தெரியாது. என் கணுக்காலைக் குனிந்து பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை.

"இவனை?" என்றேன்.

"என்னைக் கட்டல" என்றான் அண்ணன். "அந்த மேசை ஆடும். நீ இழுத்துக் கவுத்துடுவ. பள்ளிக்கூடம் போகாம மேசை மேல உக்காந்துக்கடான்னாங்க. எட்டு வயசுல எனக்குக் கிடைச்ச முதல் வேலை. கனமா இருக்கறது."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அம்மாவும் சிரித்துவிட்டாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. என் மூன்று வருஷப் பாடத்தில் பிள்ளைப் பருவம் பற்றி எத்தனையோ பக்கம் உண்டு. மேசை மேல் ஏறி உட்கார வைக்கப்பட்ட எட்டு வயசுப் பையனைப் பற்றி எந்தப் பக்கத்திலும் இல்லை.

"அஞ்சு மணிக்குப் பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போகப் பெத்தவங்க எல்லாரும் வருவாங்க" என்றேன். "நான் போய் வாசல்ல நிக்கப் போறேன். ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லப் போறேன். உள்ள எத்தனை பிள்ளை, எத்தனை ஆள்னு. பதிவேட்டுல பொய்னு. எங்க அம்மாதான் கட்டினாங்கன்னும் சொல்லுவேன். எதுக்குக் கட்டினாங்கன்னும் சொல்லுவேன்."

இஸ்திரிப் பெட்டி மேலங்கி மேல் இருந்தபடியே நின்றது. துணி காந்தும் வாசனை வந்தபிறகுதான் அம்மா தூக்கினாள்.

"சொன்னா அந்தத் தாள் மேல போகும்."

"தெரியும்."

"உன் பேரையும் அடிச்சுடுவாங்க."

"தெரியும்மா."

"அப்ப நான் எதுக்குடி கையெழுத்துப் போட்டேன்? ரெண்டு பேரும் ஒண்ணுமில்லாம நிக்கறதுக்கு ஒருத்தி நின்னாப் போதும்னுதானே போட்டேன்?" குரல் உடைந்தது. அம்மாவின் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை. "எனக்குத் தெரிஞ்சது பிள்ளை பாக்கறது ஒண்ணுதான். இங்க இல்லாட்டி இன்னொரு இடம்னு நெனச்சுக்கிட்டிருக்கேன். அதையும் நீ முடிச்சு வைக்கப் போறியா?"

நான் இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தேன். இல்லை என்று சொன்னால் பொய்.

அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். "நான் ஒண்ணு கேக்கறேன் பட்டதாரி. நீ சொல்லுவ. அவங்களும் கேப்பாங்க. ஐயோ பாவம்பாங்க. நாளைக்குக் காலையில வேலைக்குப் போகணுமே, பிள்ளைய எங்க விடுவாங்க?"

நான் துண்டை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

"அங்கதான் விடுவாங்க. வேற எங்க விடுவாங்க? உன் பேரும் போய், அம்மா பேரும் போய், அந்தக் கதவு மட்டும் எட்டு மணிக்கு வழக்கம்போலத் திறக்கும்."

அவன் சொன்னது சரி. அவன் எப்போதும் சரியாகத்தான் சொல்வான். மேசை மேல் உட்கார்ந்து உலகத்தைப் பார்த்தவன். அவன் சரியாகச் சொல்வதுதான் எனக்கு எரிச்சல்.

"தெரிஞ்சே விடட்டும்" என்றேன். "இப்ப தெரியாம விடறாங்க."

"அதுல என்ன வித்தியாசம்?"

"எனக்குத் தெரியல."

உண்மையிலேயே தெரியவில்லை. இது நியாயமா, ஆத்திரமா என்பதும் தெரியவில்லை. தும்பியின் அம்மா ஒரு தையல் கூடத்தில் வேலை செய்கிறாள். அஞ்சு மணிக்கு ஓடி வருவாள், கழுத்தில் அளவு நாடா தொங்கும். அவளிடம் என்ன சொல்வேன்? உன் பிள்ளை தூங்குவதற்குக் காலை நீட்டுகிறது என்றா? அவள் என்னை அறைந்தாலும் ஆச்சரியமில்லை. அழுதாலும் ஆச்சரியமில்லை. 'சரிம்மா, நேரமாச்சு' என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாலும் ஆச்சரியமில்லை. மூன்றாவதுதான் நடக்கும் என்று தோன்றியது.

சுவர்க் கடிகாரம் மூன்றே முக்கால் காட்டியது. இரண்டு பஸ் மாற வேண்டும். முகம் கழுவினேன். துடைத்தேன். அம்மா மேலங்கியின் காந்தின இடத்தை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மார்புக்கு நடுவில், பழுப்பாக, உள்ளங்கை அளவு. அதைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

நான் செருப்பை மாட்டும்போது எழுந்து வந்தாள். கையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. இரண்டடி தள்ளியே நின்றாள்.

"நான் கடைசியாக் கேக்கறேன். போகாத."

அம்மா என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. படி என்றுகூடக் கேட்டதில்லை. நானாகத்தான் படித்தேன். இந்த ஒன்றைத்தான் கேட்டாள்.

"சாயந்திரம் துறைக்கு ஃபோன் பண்ணணும்னாங்க" என்றேன், என்னமோ அதுதான் முக்கியம் போல. "பண்ணி என்ன சொல்றது? அவங்களே கேள்விப்படுவாங்க."

"அண்ணன் சொல்றதையாவது கேளுடி."

"கேட்டேனே. சரியாத்தான் சொல்றான்."

"அப்புறம் எதுக்குப் போற?"

கதவைத் திறந்தேன். மாடிப்படியில் பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்து நகர்ந்து வழி விட்டது. நான் அதைத் தாண்டி ஒரு படி இறங்கினேன். இரண்டு படி. அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அண்ணன் பின்னாலேயே செருப்பை இழுத்துக்கொண்டு வருவான் என்றும் ஒரு மூலையில் எதிர்பார்த்தேன்.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் இருக்கும்போது மேலே கதவு சாத்துவது கேட்டது. அதன் பிறகு இன்னொரு சத்தம். மேல் தாழ்ப்பாள். எங்கள் வீட்டில் அதை எல்லாரும் உள்ளே வந்து சேர்ந்த பிறகுதான் போடுவோம்.

நான் நிற்கவில்லை.